தோமான் ராட்டுக்கு நூல் கட்டு: எந்தப் பூச்சு, எத்தனை அடுக்கு?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சென்டெரோ ஏரியில் தோமான் மீன் பிடிக்க, ஏழடி கறுப்பு கார்பன் பிளாங்கில், அதாவது எதுவும் கட்டாத வெறும் தண்டில், சொந்தமாகத் தூண்டில் ராட் கட்டுகிறாராம். கைட் என்கிற, தூண்டில் கயிறு ஓடும் வளையங்களைக் கட்ட ஆரஞ்சும் மஞ்சளும் கலந்து நைலான் நூல் சுற்றி எபோக்சி பூசினார். பூசிய கையோடு ஆரஞ்சு காப்பிக் கலராக மாறிவிட்டது. மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தால் மேலே மெழுகு தேய்த்ததுபோல் ஒரு வெள்ளைப் படலம். கடையில் விசாரித்ததற்கு, "கலர் பிரிசர்வர் அடிச்சிட்டு எபோக்சிய மூணு கோட்டு கெட்டியா போடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் செய்யலாமா, எத்தனை பூச்சு தேவை என்பதுதான் கேள்வி.

தம்பி, சுருக்கமான பதில் முதலில். கைட்டைப் பிடித்திருக்கும் கட்டுகளில், நூலின் நிறம் மாறாமல் காக்க அடிக்கிற கலர் பிரிசர்வர் வேண்டாம். எபோக்சி இரண்டு பூச்சு போதும், அதிலும் முதலாவது தண்ணீர் மாதிரி மெல்லியதாக இருக்கட்டும். வெள்ளைப் படலத்தை இருக்கிற பூச்சைப் பிரிக்காமலே சரி செய்யலாம். நானும் இதே ஊரில்தான் ராட் கட்டிக்கொண்டும் பழுது பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் என்ன ஒத்துவரும் என்பதை வைத்தே சொல்கிறேன். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய முறையை அப்படியே இங்கே செய்தால் பாதி நேரம் கோளாறுதான்.

நிறம் ஏன் செத்தது என்று பார்ப்போம். நூல் காய்ந்திருக்கும்போது இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் நிறம் பளிச்சென்று தெரிகிறது. எபோக்சி உள்ளே இறங்கிக் காற்றைத் துரத்தியதும் சிதறல் நின்றுவிடும். நைலானும் எபோக்சியும் வெளிச்சத்தை வளைக்கிற அளவு கிட்டத்தட்ட ஒன்றே, இரண்டுக்கும் ஒளிவிலகல் எண் 1.5-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆகவே வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி, அடியில் இருக்கும் கறுப்பு பிளாங்க் மேலே வந்துவிடுகிறது. கறுப்பின் மேல் ஆரஞ்சு பழுப்பாகும், மஞ்சள் ஒருவிதப் பாசிப் பச்சையாகும், சிவப்பு ரத்தச் சிவப்பாக இருளும், நீலம் கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடும், வெள்ளை இருந்த இடமே தெரியாது. இதே ஆரஞ்சை வெளிர் நிற ஃபைபர் பிளாங்கில் சுற்றியிருந்தால் நீங்கள் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

இதற்கு மூன்று வழி. கடைக்காரர் சொன்னது முதல் வழி: எபோக்சி இறங்காதபடி நூலைக் கலர் பிரிசர்வரால் அடைப்பது. அழகுக்கு அது வேலை செய்யும். ஆனால் எபோக்சி எதற்காகப் பூசுகிறோம்? பளபளப்புக்கு மட்டுமா? நூலுக்குள் இறங்கி, நூலையும் கைட்டின் காலையும் பிளாங்கையும் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தான். பிரிசர்வர் அடித்த கட்டில் எபோக்சி மேலே ஒரு ஓடு மாதிரி உட்கார்ந்திருக்கும், உள்ளே நூல் தன் இறுக்கத்தை மட்டும் நம்பி நிற்கும். தோமான் சும்மா வருகிற மீனா? விரால் குடும்பத்தில் பெரிய உருப்படிகளில் ஒன்று, கொக்கி பட்டதும் கட்டைக்கும் புல்லுக்கும் உள்ளே பாயும். அந்த இழுப்பில் கைட்டின் கால் மயிரிழை அசைந்தாலும் ஓட்டில் கீறல் விழும், கீறல் வழியாகத் தண்ணீர் போகும், அப்புறம் துருதான். செபராவ் பிடிக்கிற லேசான ராட்டாக இருந்தால்கூட இவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழி, என்சிபி என்று உருளையிலேயே போட்டு விற்கிற நூல். 'பிரிசர்வர் தேவையில்லை' என்ற அர்த்தத்தில் அப்படி ஒரு பெயர். நிறமியை அதிகம் ஏற்றி ஒளி ஊடுருவாதபடி செய்த நூல், எபோக்சி இறங்கினாலும் நிறம் பெரிதாக மாறாது. குறை ஒன்றுதான்: கொஞ்சம் தட்டையாக, பிளாஸ்டிக் குழாய் நிறத்தில் தெரியும். உங்கள் ஆரஞ்சைக் காப்பாற்ற இதுதான் சுலபம்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. நூல் கண்ணாடியாகப் போகட்டும், அடியில் என்ன தெரிய வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வோம். வெள்ளை என்சிபி நூலை முதலில் அடிக்கட்டாகச் சுற்றி, அதன் மேல் கைட்டை வைத்து, சாதாரண ஆரஞ்சு நைலானைச் சுற்றிப் பூசிப் பாருங்கள். உள்ளேயிருந்து விளக்கு எரிகிற மாதிரி ஓர் ஆரஞ்சு வரும். பிரிசர்வர் அடித்த ஆரஞ்சில் அந்த ஆழம் ஒருநாளும் வராது. வெள்ளைக்குப் பதில் பொன் மெட்டாலிக் அடிக்கட்டு போட்டுச் சிவப்பைச் சுற்றினால் அது வேறு கதை. அடிக்கட்டு கைட்டின் இரும்புக் கால் பிளாங்கை உரசாமல் மெத்தை போலவும் இருக்கும். ஆனால் எடை கூடும். அதனால் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று கைட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நுனிப் பக்கம் ஒற்றைக் கட்டு, என்சிபி நூல். நுனியில் கூடுகிற ஒவ்வொரு கிராமும் ராட்டை மந்தமாக்கும், நாள் முழுக்கப் போலி இரை எறிகிற உங்கள் மணிக்கட்டுக்கு அது தெரியும். நூலின் தடிமன் 'ஏ' போதும். 'டி' என்பது கடலில் டெங்கிரி, கெராப்பு என்று போகிறவர்களின் கனமான ராட்டுக்கு.

எதுவானாலும், உடைந்த பழைய ராட் துண்டு ஒன்றில் ஓர் அங்குலம் சுற்றி ஒரு சொட்டு எபோக்சி வைத்துப் பாருங்கள். அடித்தளத்தின் நிறம் உங்கள் பிளாங்கின் நிறமாகவே இருக்க வேண்டும், அது முக்கியம்.

சரி, பூசுவதற்கு வருவோம். இந்த வேலையில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

நூல் சுற்றி முடித்ததும் வழவழப்பான ஒரு கட்டையாலோ பேனா மூடியாலோ தேய்த்து இடைவெளிகளை மூடுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை ஸ்பிரிட் விளக்குத் தீயில் ஒரு நொடி காட்டினால் போய்விடும். சிகரெட் லைட்டர் வேண்டாம், கரி பிடிக்கும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பிளாங்கைத் துடையுங்கள், நூல் ஓரம் வரைக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு தொட்ட இடம், கார் டாஷ்போர்டு பாலிஷ் அடித்த வராந்தா, இரண்டுமே பகை. எண்ணெயோ சிலிக்கானோ பட்ட இடத்தில் எபோக்சி ஒட்டாமல் வட்டமாக விலகி மீன்கண் மாதிரி குழி விடும். எபோக்சியை அளக்க எடுக்கிற மருந்துக்கடை ஊசிக் குழாயின் உள்ளே வழுக்குவதற்காகச் சிலிக்கான் தடவியிருப்பார்கள், கறுப்பு ரப்பர் பிஸ்டன் உள்ளதில் இது சகஜம். ராட் கட்டுகிறவர்களுக்கென்று விற்கிற, ரப்பர் இல்லாத குழாயை வாங்குங்கள். எபோக்சியின் இரண்டு பாகங்களான ரெசினுக்கு ஒன்று, ஹார்டனருக்கு (இறுக வைக்கிற கரைசல்) ஒன்று என்று மார்க்கரில் எழுதி வையுங்கள், மாற்றிவிடக் கூடாது.

ஒன்றுக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் கொள்ளளவில். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடாதீர்கள். ரெசின் ஹார்டனரைவிடக் கனம், நிறை சமமாக இருந்தால் அளவு சமமாக இருக்காது. கொஞ்சம்தானே வேண்டும் என்று அரை மில்லி, ஒரு மில்லி கலக்குவதும் ஆபத்து. ஒரு மில்லியில் 0.2 தவறினால் 20 சதவீதப் பிழை, மூன்று மில்லியில் அதே தவறு 7 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். மிச்சம் வீணானால் ஆகட்டும். மெதுவாக, நுரைக்காமல், ஓரத்தையும் அடியையும் சுரண்டி மூன்று நிமிடமாவது கலக்குங்கள். கலக்கியதை உடனே அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றிவிடுங்கள். கப்பிலேயே குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே வெந்து சீக்கிரம் இறுகும், பரப்பினால் சூடு ஆறும், குமிழியும் தானாக மேலே வந்து உடையும். பத்துப் பாகை சூடு கூடினால் வேலை செய்ய இருக்கும் நேரம் கிட்டத்தட்டப் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரைக்குக் கீழே 33 பாகையில் பூசிக்கொண்டு, டப்பாவில் எழுதியிருக்கும் 20 நிமிடத்தை நம்ப முடியாது.

முதல் பூச்சை நீங்கள் கிட்டத்தில் குனிந்து பார்க்க வேண்டும். பிரஷ்ஷில் ஒரு துளி எடுத்து, கைட்டின் கால் நூலுக்குள் நுழைகிற இடத்தில் வைத்து ராட்டைத் திருப்புங்கள். காலின் இரண்டு பக்கமும், நூல் பிளாங்கைத் தொடாமல் எழும்பி நிற்கிற இடத்தில், ஒரு சின்னச் சுரங்கம் இருக்கும். எபோக்சி அதற்குள் ஊர்ந்து போவது தெரியும், நூலின் நிறம் ஓரத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாக இருண்டுகொண்டே வரும். அதே நேரத்தில் மறுமுனையிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். அவை வந்து முடியும்வரை அடுத்த துளி வைக்காதீர்கள். கெட்டியாகப் பூசினால் நடப்பது இதற்கு நேர் எதிர்: மேலே மூடி போட்டாயிற்று, உள்ளே காற்று மாட்டிக்கொண்டது, இரண்டு மணி நேரம் கழித்து அது மேலே முட்டிக்கொண்டு வந்து பாதி வழியில் இறுகிப் போகும். அந்தக் குமிழியை அப்புறம் எடுக்கவே முடியாது. ஆகவே முதல் பூச்சு என்பது நூல் குடிக்கிற அளவு மட்டும். பத்து நிமிடம் கழித்து மிச்சத்தை அதே பிரஷ்ஷால் வழித்து எடுத்துவிடுங்கள். நூலின் வரிகள் மேலே தெரிய வேண்டும், தெரிந்தால்தான் சரி.

இரண்டாவது பூச்சு அந்த வரிகளை நிரப்பி மட்டமாக்க. முதலாவது தொட்டால் ஒட்டாத அளவுக்கு இறுகிய பிறகு, 24 மணி நேரத்தை ஒட்டிப் பூசுங்கள். நாள் கணக்கில் தள்ளிப் போய்விட்டால் நுண்ணிய உப்புத்தாளால் லேசாக உரசிவிட்டுப் பூச வேண்டும், இல்லையென்றால் ஒட்டாது. நூல் முடிகிற இடத்தைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் பிளாங்கின் மேல் ஏறினால் போதும், அங்கேதான் தண்ணீர் நுழையும். நடுவில் தொப்பை போட்டு இரண்டு பக்கமும் சரிவாக இருந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். மூன்று கெட்டிப் பூச்சு போட்ட ராட்டைக் கையில் எடுத்தாலே தெரியும், கைட் இருக்கிற இடமெல்லாம் வளையாமல் விறைத்து நிற்கும். வளைகிற பிளாங்கில் வளையாத கட்டி இருந்தால் கீறல் அதன் ஓரத்தில்தான் தொடங்கும். கெட்டி என்றால் பலம் என்று கடைக்காரர்கள் நினைப்பது ஏனோ மாறவே மாட்டேன் என்கிறது. எபோக்சியில் மெல்லியதாகப் படிகிற 'லைட்', கெட்டியாகப் படிகிற 'ஹை பில்ட்' என்று இரண்டு வகை விற்பார்கள், நீங்கள் லைட் வாங்குங்கள்.

ராட்டைச் சுற்ற விசேஷ மோட்டார் தேவையில்லை. பழைய மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றுகிற மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று வரும், கச்சிதம். பெரும்பாலும் வீட்டுக் கரன்டில் நேராக ஓடுவது என்பதால் இணைப்பைத் தெரிந்தவரிடம் கொடுத்து மூடிக் கட்டுங்கள். பிளாங்க் கிடைமட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள், சாய்ந்தால் பூச்சு ஒரு பக்கம் ஒதுங்கும். நான்கு மணி நேரமாவது சுற்றட்டும்.

இனி அந்த வெள்ளைப் படலம். ஹார்டனரில் இருக்கும் அமீன், காற்றில் உள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே உப்பு மாதிரி படிகிறது. நீங்கள் சாயங்காலம் மழை விட்ட பிறகு பூசி, வராந்தாவில் இரவு முழுக்க விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் பக்கம் விடியற்காலையில் காற்றில் ஈரம் 90 சதவீதத்தைத் தாண்டும், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். படலம் தண்ணீரில் கரையும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து, பாத்திரம் தேய்க்கிற பச்சைப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். தின்னர் போட்டுத் துடைத்தால் போகாது, பரவத்தான் செய்யும். நன்றாகக் காயவிட்டு அடுத்த பூச்சைப் பூசுங்கள், மங்கல் மறைந்துவிடும். கழுவியும் விரல் ஒட்டுகிறது என்றால் அது ஈரத்தால் வந்ததல்ல, கலவை அளவு தவறியிருக்கிறது. லேசான ஒட்டல் என்றால் சரியாகக் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று மேலே போட்டால் பெரும்பாலும் இறுகிவிடும். நகம் பதிகிற அளவுக்குக் குழைவாக இருந்தால் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே மேல்.

எந்த நேரம் பூசலாம்? பலர் காலையிலேயே தொடங்குவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. காலையில் ஈரம் அதிகம் என்பது ஒன்று. வெயில் ஏற ஏற நூலுக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளியே வரும் என்பது இன்னொன்று. சூடு உச்சிக்குப் போனதும், அதாவது 2 மணி வாக்கில் பூசினால், பிளாங்க் ஆற ஆற எபோக்சி உள்ளே இழுபடும், காற்றில் ஈரமும் அப்போதுதான் குறைவு. நாலு மணி இடி மழைக்கு முன்னால் முதல் இறுக்கம் வந்துவிடும், ஜன்னலைச் சாத்தினால் போதும். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பரில் மழை மதியமே வந்தாலும் வரும், அந்த மாதங்களில் ஏர்கான் அறைதான் கதி. ஏர்கான் காற்றின் ஈரத்தையும் எடுத்துவிடும், 25 பாகையில் நிதானமாக வேலை செய்யலாம். ராட்டை இரண்டு மணி நேரம் முன்னதாகவே அறைக்குள் கொண்டுபோய் வையுங்கள். படுக்கை அறையில் ஏழடி ராட் சுற்றிக்கொண்டிருப்பதை வீட்டில் ஒப்புக்கொள்ள வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

கலர் பிரிசர்வரை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. கைப்பிடிக்கு மேலே போடும் வைரக்கட்டு போன்ற அலங்காரத்தில் எந்தச் சுமையும் இல்லை, அங்கே தாராளமாகப் போடுங்கள். நூல் முழுக்க நனைய வேண்டும், ஒரு பூச்சில் நிறுத்தாதீர்கள், விட்ட இடமெல்லாம் எபோக்சி பட்டதும் கறுப்புத் திட்டாகத் தெரியும். தண்ணீர் வகைப் பிரிசர்வர் மழை நாளில் காய இரண்டு நாள்கூட ஆகும். ஈரத்தோடு மூடினால் எபோக்சி பால் மாதிரி வெளுக்கும். நகப் பூச்சு போடலாமா என்று சிலர் கேட்பார்கள், வேண்டாம், நொறுங்கும்.

அலங்காரம் என்றதும் புலிக்கட்டு பற்றிச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. அடுக்கு என்ற விஷயமே அங்கேதான் முழுசாக வேலை செய்கிறது. கறுப்பு என்சிபி ஒன்று, பொன் மெட்டாலிக் ஒன்று, இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்து நாலைந்து அங்குலம் ஒரே தரத்தில் சுற்றுங்கள். அதன் மேல் எபோக்சி பூசிக் கண்ணாடி மாதிரி மட்டமாக்கி முழுக்க இறுக விடுங்கள், மேடு பள்ளம் இருந்தால் 400-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குங்கள். அதற்கு மேல் மறுபடி இரண்டு நூல் சேர்த்துச் சுற்ற வேண்டும். இந்த முறை ஒன்று சாதாரண நைலான், மற்றது பலி நூல். முனைகளைக் கட்டிய பிறகு பலி நூலை மெதுவாக உருவி எடுத்துவிட்டால், நைலான் ஒரு நூல் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கும். அதன் மேல் கடைசி எபோக்சி. அடியில் உள்ள வரியும் மேலே உள்ள வரியும் அச்சாக ஒத்துப்போகாமல் மயிரிழை பிசகி இருப்பதால், ராட்டைத் திருப்பும்போது பட்டை பட்டையாகக் கோடுகள் நகரும். நடுவில் உள்ள எபோக்சியின் கனம்தான் அந்த நகர்வைத் தருகிறது, அங்கே மட்டும் பூச்சு கொஞ்சம் கெட்டியாக இருக்கலாம். முதல் ராட்டிலேயே முயற்சி செய்ய வேண்டாம், பழைய துண்டில் பழகுங்கள். சாயம் கலந்த எபோக்சியைச் சொட்டி ஓட விடுகிற மார்பிள் வேலையும் இப்போது பலர் செய்கிறார்கள், எனக்கு அதில் ஆர்வமில்லை.

எபோக்சி தவிர வேறு வழி உண்டா என்றால், உண்டு. காற்றின் ஈரத்தை இழுத்தே இறுகுகிற ஒற்றைக் கரைசல் யூரிதேன் இருக்கிறது. நம் ஊர் ஈரம் அதற்குச் சாதகம், மோட்டார்கூட வேண்டாம். மிக மெல்லியதாகப் படியும் என்பதால் நாலைந்து பூச்சு வேண்டும், லேசான ராட்டுக்கு அருமை. டப்பாவைத் திறந்து வைத்தால் அடுத்த மாதம் உள்ளே கல்லாகிவிடும், வாசனையும் கடுமை, காற்றோட்டமும் முகமூடியும் வேண்டும். தோமான் ராட்டுக்கு நான் எபோக்சியோடுதான் நிற்பேன். மூங்கில் ராட்டில் பட்டு நூலும் ஸ்பார் வார்னிஷும் போடுகிறவர்கள் இன்னும் உண்டு, அது பொறுமைசாலிகளின் உலகம்.

இப்போது உங்கள் ராட்டுக்கு. பழுப்பான கட்டுகளைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் படலத்தைக் கழுவி, மதியம் ஒரு மெல்லிய பூச்சு போட்டு முடித்துவிடுங்கள், பிடிமானத்தில் குறை இருக்காது. ஆரஞ்சுதான் வேண்டும் என்றால் பிரிக்க வேண்டும். முடி உலர்த்தும் கருவியால் கட்டைச் சூடாக்கினால் எபோக்சி ரப்பர் மாதிரி இளகும். கைட்டின் காலுக்கு நேர் மேலே, அடியில் இரும்பு இருக்கும் இடத்தில் மட்டும், பிளேடால் கீறி நூலை உரித்தெடுங்கள். பிளாங்கின் மேல் பிளேடு படவே கூடாது, கார்பன் இழை ஒன்று அறுந்தாலும் பின்னால் அந்த இடத்தில்தான் ஒடியும். வேலை முழுக்கக் கையுறை போடுங்கள். ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் அப்புறம் எபோக்சி பக்கமே போக முடியாது. தோலில் பட்டால் சோப்புத் தண்ணீர், தின்னர் அல்ல. புதிதாகக் கட்டிப் பூசிய பிறகு ஒரு வாரம் ராட்டை வளைக்காமல் வையுங்கள், வெயிலில் நிற்கும் காரின் பூட்டில் போட்டுவிடாதீர்கள். வெள்ளை அடிக்கட்டு போட்டால் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: எபோக்சி வெயிலில் காலப்போக்கில் மஞ்சளாகும், வெள்ளையின் மேல் அது முதலில் தெரியும். உங்கள் ஆரஞ்சுக்கு அடியில் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.